இருளின் அடியில் ஒரு கோடு

சென்ற மார்கழியில், 78 வயதான என் தமையனார் வழக்கம்போல் விடியற்காலை நான்கு மணிக்குக் குளிர்ந்த நீரில் நீராடித் திருப்பள்ளியெழுச்சிக்குச் சென்றார். நான்காம் நாள் மூச்சிரைப்பு வந்தது. பத்து நாட்கள் படுக்கையில் கிடந்தார். "ஐம்பது வருஷ நியமம், தம்பி. அதை விடுவது பாவமல்லவா?" என்று அவர் கேட்டபோது எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர், சீனரின் பழைய உடல்நலக் கொள்கையைப் பற்றிப் படிக்கையில் விடை ஒன்று கிடைத்தது.

யின், யாங் என்னும் சொற்கள் தொடக்கத்தில் மலையின் இரு பக்கங்களைக் குறித்தவை. வெயில் படும் பக்கம் யாங். நிழல் படியும் பக்கம் யின். மலை ஒன்றே. பொழுது நகர நகர நிழல் இருந்த இடத்துக்கு வெயில் வரும். பகல், வெப்பம், இயக்கம் ஆகியவற்றை யாங் என்றும், இரவு, குளிர்ச்சி, ஓய்வு ஆகியவற்றை யின் என்றும் சீனர் வகுத்தனர். இவற்றுள் நல்லது, தீயது என்ற பாகுபாடு இல்லை. ஒன்று மிஞ்சி மற்றொன்று நலிந்தால் நோய் வரும் என்பது அவர்கள் கொள்கை.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்னும் மருத்துவ நூல், மஞ்சள் பேரரசரும் அவருடைய அமைச்சரும் உரையாடுவதாக அமைந்தது. பருவத்துக்கேற்ப வாழ்க்கை முறை மாற வேண்டும் என்பது அதன் அறிவுரை. வேனிலில் இரவு தாமதமாக உறங்கி விரைவில் எழலாம். குளிர்காலத்திலோ, முன்னிரவிலேயே உறங்கிக் கதிரவன் ஒளி வந்தபின் எழ வேண்டும். உடலின் வெம்மையைக் காக்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளை, ஆண்டின் மிக நீண்ட இரவை உடைய நாளை, சீனர் 'தோங்ஜி' என்பர். நமக்கு அது மார்கழி. யின் உச்சத்தை எட்டும் அந்நாளில்தான் யாங் மீண்டும் பிறக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 'யீ ஜிங்' என்னும் தொன்னூல் இந்நிலையை ஆறு கோடுகளால் காட்டுகிறது. மேலே ஐந்தும் முறிந்த கோடுகள். அடியில் முறியாத ஒரே ஒரு கோடு. அதன் பெயர் 'ஃபூ', அதாவது திரும்புதல். புதிதாய்ப் பிறந்த யாங் இளந்தளிர் போன்றது; அதைக் காப்பதற்காகவே ஓய்வு.

அந்நாளில் பெய்ஜிங் நகரின் விண்ணகக் கோயிலில் பேரரசர் மூன்று நாள் நோன்பிருந்து வழிபாடு நடத்தினார். 1530இல் அங்கு அமைந்த வட்ட மேடையின் கற்கள் ஒன்பதின் மடங்குகளாகப் பதிக்கப்பட்டவை. ஒன்பது, யாங் எண்களில் மிகப் பெரியது. இல்லங்களிலோ 81 இதழ்கள் கொண்ட பூங்கிளை ஒன்றை வரைந்து, நாளுக்கு ஓர் இதழாக வண்ணம் தீட்டுவர். எல்லா இதழ்களும் நிறம் பெறும்போது வசந்தம் வந்திருக்கும்.

நீர் உறையும் வட சீனக் குளிருக்கு வகுத்த நேரக்கணக்கு அப்படியே நம் ஊருக்குப் பொருந்தாது. யின், யாங் ஆகியவற்றைக் கருவிகொண்டு அளக்கவும் இயலாது. மூச்சிரைப்புக்கு மருத்துவரையே நாட வேண்டும். ஆயினும் காலமும் வயதும் அறிந்து உடலை நடத்த வேண்டும் என்ற அடிப்படை எந்நாட்டுக்கும் பொதுவானது. முதுமையும் ஒரு குளிர்காலமே. எஞ்சியுள்ள வெம்மையைப் பேணுவது நியமத்தை விடுவதாகாது. வயதுக்கேற்ற நியமத்தை மேற்கொள்வதேயாகும்.

இதைத் தமையனாரிடம் சொன்னேன். இவ்வாண்டு அவர் வெந்நீரில் நீராடி, காதை மூடிக்கொண்டு, வெயில் வந்தபின் காலசந்திப் பூஜைக்குச் செல்கிறார். "சுவாமி அங்கேயேதான் இருக்கிறார், தம்பி. நான்தான் பயந்துவிட்டேன்" என்றார்.

அன்பர்களே, விடியலில் நீங்கள் வராவிட்டாலும் இறைவன் காத்திருப்பான். உடலும் அவன் கோயிலே. அதன் விளக்கைக் காற்றில் வைக்க வேண்டாம்.