மாதா யாரோட காப்பி?

சாமி விஷயத்துல நான் பொதுவா வாயைத் திறக்கிறதில்லை. ஆனா வருஷா வருஷம் ஆகஸ்ட் 5 நெருங்கினாப் போதும், தூத்துக்குடி பனிமய மாதாவை வச்சு ரெண்டு கோஷ்டி கிளம்பிடுது.

முதல் கோஷ்டி: "கொடியேத்தம், தேர், சப்பரம், நேர்ச்சை எல்லாம் அம்மன் கோயில்ல சுட்டது. மாதாங்கிறது சிலுவை போட்ட மாரியம்மன், அவ்வளவுதான்." ரெண்டாவது கோஷ்டி: "இதெல்லாம் பைபிள்ல எங்கய்யா இருக்கு? தேர் இழுக்கிறவன் அரைகுறை கிறிஸ்தவன்." ஆளுக்கு ஒரு திசையில இழுத்தாலும் முடிவு ஒண்ணுதான். கடற்கரைக்காரனுக்குச் சொந்தமா எதுவும் கிடையாது. ஒண்ணு திருடியிருக்கான், இல்லேன்னா தப்பாப் புரிஞ்சிருக்கான்.

அய்யா சாமிகளா, கொஞ்சம் சரித்திரம் பேசுவோமா?

பனியே விழாத ஊர்ல எதுக்குப் பனிமய மாதா? ரோம்ல ஒரு குன்று மேல ஆகஸ்ட் மாசத்துல பனி பெய்ததா ஐதீகம். அங்க கட்டின மேரி மேஜர் பேராலயத்தோட திருநாள்தான் ஆகஸ்ட் 5. அதைப் போர்ச்சுக்கீசியர் இங்க கொண்டுவந்தாங்க. 'தஸ்நேவிஸ் மாதா'ன்னு எங்க ஊர் ஆத்தாமார் சொல்றதும் போர்ச்சுக்கீசிய வார்த்தைதான். ஆக, இரவல்தான். யாரு இல்லேன்னா?

ஆனா இரவல் வாங்கினவங்க என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. முத்துச்சலாபத் தகராறுல போர்ச்சுக்கீசியர் பாதுகாப்புக்காக 1530கள்ல பரதவர் கூட்டமா மதம் மாறினாங்க. 1542ல சவேரியார் வந்தப்போ அவங்க பேரளவுக்குத்தான் கிறிஸ்தவங்க. சரி, பாதுகாப்புக்காகத்தான்னே வச்சுக்குவோம். 1658ல டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடிச்சான். அவன் புரோட்டஸ்டண்ட். கத்தோலிக்கப் பாதிரிமாரைத் துரத்தினான், தன் மதத்துக்கு இழுத்தும் பார்த்தான். பாதுகாப்பு குடுத்தவனே போயாச்சு, சலாபமும் புது எசமான் கையில. லாபம் பார்க்கிறவனா இருந்தா அன்னைக்கே மாதாவைக் கைவிட்டிருக்கணுமே? விடலை. டச்சுக்காரன் காலத்துலயே, 1713ல, மாதாவுக்குக் கோயில் எழும்பிச்சு.

அடுத்தது தேர். 1806ல முதல் பொன்தேரைச் செஞ்சது ஆயரோ வெள்ளைக்காரப் பாதிரியோ இல்லை. தேர்மாறன்னு பேர் வாங்கின பரதவர் சாதித்தலைவர் செஞ்சது. 'கோயில் ரோமுக்குச் சொந்தமா இருக்கலாம், மாதா எங்களுக்குச் சொந்தம்'னு ஊரறியச் சொன்ன தேர் அது. காப்பி அடிக்கிறவன் இவ்வளவு திமிரா அடிப்பானா :-)

இப்போ முதல் கோஷ்டிக்கு ஒரு கேள்வி. இதே கரையில குலசேகரன்பட்டினத்துல முத்தாரம்மன் தசரா நடக்குது. காளி வேஷம் கட்டுற ஊர்லயே போலீஸ் வேஷமும் குரங்கு வேஷமும் கட்டி, வீடு வீடாக் காணிக்கை வாங்கி அம்மனுக்குப் போடுறாங்க. எந்த ஆகமத்துல போலீஸ் வேஷம் இருக்கு? கேட்க மாட்டீங்க, கேட்கவும் கூடாது. அம்மைக் கொப்புளத்தை 'முத்து'ன்னு சொல்ற சனம், தனக்குப் பயமா இருக்கிற இடத்துல ஒரு தாயை நிறுத்திக்குது. குலசைக்காரனுக்கு ஒரு நியாயம், தூத்துக்குடிக்காரனுக்கு ஒரு நியாயமா?

வியட்நாம் வரைக்கும் போய்ப் பாருங்க. நா-ட்ராங் கடற்கரையில சாம் மக்களோட போ நகர்ங்கிற தாய்த்தெய்வம். தெற்கே இறங்கி அந்த நாட்டைப் பிடிச்ச வியட்நாமியர் அவளைத் தங்க தாயாவே கும்பிட ஆரம்பிச்சு வேற பேரும் வச்சாங்க. அங்க தாய்த்தெய்வ வழிபாட்டுச் சாமியாட்டத்தை மூடநம்பிக்கைன்னு கம்யூனிஸ்ட் அரசாங்கம் தடை பண்ணிச்சு. 2016ல அதே வழிபாடு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல ஏறிடுச்சு! திட்டினவங்களும் சரி, சொந்தம் கொண்டாடினவங்களும் சரி, கும்பிடுறவளைக் கேட்டுக்கிட்டா செஞ்சாங்க?

ஒரு வித்தியாசம் உண்டு. அங்க ஜெயிச்சவன் தோத்தவனோட தாயை எடுத்துக்கிட்டான். இங்க கடல்ல மூச்சடக்கி முக்குளிச்சவன், அதிகாரத்துல இருந்தவனோட தாயை எடுத்துத் தன் தாயாக்கிட்டான். ஏழு கடல்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய்னு பேரும் வச்சான். இதுக்குப் பேர் காப்பின்னா எனக்குத் தமிழ் தெரியாதுன்னு அர்த்தம்.

கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அதோட சலாபம் முடிஞ்சது. மாதாவுக்கு முடியலை. 2023ல பொன்தேர் இழுத்தப்போ ஊரே வீதியில நின்னுச்சு, எல்லா மதத்துக்காரங்களும்தான்.

'ஒரிஜினல் யாரு'ன்னு கேட்கிறது சும்மா ஆராய்ச்சி இல்லை மக்களே. இன்னைக்கு மாதா இரவல்னு சொல்றவன் நாளைக்கு அந்தத் தெருவே இரவல்னு சொல்லுவான். அதனாலதான் எனக்குக் கோவம் வருது.

பின்னூட்டத்துல திட்டணும்னா தாராளமாத் திட்டுங்க. ஆனா டச்சுக்காரன் காலத்துல ஏன் மாதாவை விடலைங்கிறதுக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டுத் திட்டுங்க.