றப்பரும் அரிசியும்: ஒரு சிறு நாட்டின் சுதந்திரம்

சிறிய நாடொன்றிற்குத் தனியான வெளிநாட்டுக் கொள்கை எதற்கு என வினவுவோர் உளர். வல்லரசுகள் காட்டும் வழியிற் செல்வதன்றி அதனால் ஆவது யாதுமில்லை என்பது அவர் கருத்து. 1952ஆம் ஆண்டு இலங்கை சீனாவுடன் செய்துகொண்ட றப்பர் - அரிசி ஒப்பந்தமே இதற்குத் தக்க மறுமொழி என்பது எமது துணிபு.

கொரிய யுத்தத்தினால் உயர்ந்திருந்த றப்பர் விலை 1952இல் வீழ்ந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி அரிதாகி, விலை ஏறிற்று. விற்கும் பொருள் மலிந்து வாங்கும் பொருள் அருகியமையால், மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்னும் நிலையே எமது நாட்டிற்கு நேர்ந்தது. சீனாவின் நிலையோ வேறு. அதனிடம் அரிசி இருந்தது, றப்பர் இல்லை. போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதென ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் தீர்மானித்திருந்தது. இலங்கை அக்காலத்தில் அச்சபையின் உறுப்பு நாடன்று. 1955இலேயே அதற்கு அங்கு இடங் கிடைத்தது.

1952 டிசம்பரில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கா பீக்கிங் நகரில் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். ஐந்தாண்டுக் காலத்துக்கு, ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் றப்பர் கொடுப்பது. சீனா 270,000 தொன் அரிசி கொடுப்பது. றப்பருக்குக் கிடைத்த விலை உலகச் சந்தை விலையினும் மேலானது. இதனைச் செய்தது பொதுவுடைமைக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்த அரசாங்கம் என்பதை நாம் மறத்தலாகாது. இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவுதானும் 1957இலேயே ஏற்பட்டது. கொள்கை வேறு, கொள்வனவு வேறு எனப் பகுத்தறிந்த அத்துணிவே எமது பாராட்டுக்குரியது.

துணிவுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. தனது சட்டத்தைக் காட்டி அமெரிக்கா சில ஆண்டுகள் எமக்கு உதவி மறுத்தது. ஆயினும் ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பெற்று, 1982 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிலைத்தது.

எனினும் நல்ல ஒப்பந்தம் நல்ல வரவு செலவுக்கு ஈடாகாது. சீன அரிசி வந்துகொண்டிருந்த 1953ஆம் ஆண்டிலேயே, திறைசேரியின் நெருக்கடியால் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். வெளியிற் பெற்ற வெற்றி வீட்டுக் கணக்கைத் திருத்தவில்லை.

இப்பாடத்தை நாம் கற்றோமா? 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பிற் கூட்டிப் பெருமை கொண்டோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தோம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் வழங்க இசைந்தபோது, வரியையும் கட்டணத்தையும் பற்றிய அதன் நிபந்தனைகளையும் ஏற்கவேண்டியதாயிற்று. 1952இல் பொருளைக் கையிற்கொண்டு பேரம் பேசச் சென்றோம். 2022இல் வெறுங்கையை ஏந்திச் சென்றோம். பேரம் பேசுவோன் வேண்டாம் எனச் சொல்லி எழுந்து வரலாம். இரப்பவனுக்கு அது இயலாது. நடுநிலைமை என்பது மேடைப் பேச்சன்று. மறுப்பதற்குரிய ஆற்றலே அது.

வள்ளுவர் வலியறிதலைத் தனி அதிகாரமாக வகுத்தார். தன் வலியையும் மாற்றான் வலியையும் எடையிடுமாறு அரசனுக்குக் கூறியவர், அதே அதிகாரத்தில் வரவறிந்து செலவிடுதலையும் வற்புறுத்தினார். இரண்டையும் ஒருங்கு வைத்தமை தற்செயலன்று என்றே நாம் எண்ணுகிறோம். இன்று எமது வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவருட் சிலர் நாளை நாட்டின் பெயரால் ஒப்பந்த மேசைகளில் அமர்வர். பிறநாட்டு மொழிகளையும் வணிகத்தையும் அவர்கள் நன்கு கற்பாராக. அம்மேசைக்குச் செல்லுமுன் வீட்டுக் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துச் செல்வாராக.