சாம்பல் கலந்தால் பிளாஸ்டிக் நல்லதாகிவிடுமா?

உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பல் துலக்க உமிக்கரி, பாத்திரம் துலக்கச் சாம்பல் என்பார். உமிச்சாம்பல் கறையைத் தேய்த்து எடுப்பது அதிலுள்ள சிலிக்காவால்தான். மணலில் இருப்பதும் அதே பொருளே. நெற்பயிர் அதை மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது.

நம் பாகூர்ப் பக்கத்து நெல்லையே எடுத்துக்கொள்வோம். 1,000 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். இந்தச் சாம்பலைப் பொடித்து, பிளாஸ்டிக்கில் நிரப்பியாகக் கலக்கலாம். பொருள் விறைப்பாகும், செலவும் குறையலாம். குப்பையாகக் கிடப்பது பயன்படுகிறதே என்று நானும் மகிழ்கிறேன். ஆனால், “சாம்பல் கலந்தது, ஆகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது” என்று யாராவது சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள். கணக்குப் போடுங்கள்.

100 கிராம் பாலிபுரோப்பிலீனில் ஒரு டப்பா செய்கிறோம். அதன் அடர்த்தி 0.9, எனவே பருமன் சுமார் 111 கன செ.மீ. சாம்பலின் அடர்த்தி சுமார் 2.2. எடையில் 20 சதவீதம் சாம்பல் கலந்து அதே டப்பாவைச் செய்தால், எடை சுமார் 113 கிராம் ஆகிவிடும். அதில் பிளாஸ்டிக் மட்டும் சுமார் 91 கிராம்! மிச்சமானது 20 கிராம் அல்ல, 9 கிராம்தான்.

இன்னும் இரண்டு செய்திகள். உமியை மிக அதிக வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிகமாக மாறும். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரல் கெடும். மேலும், சாம்பல் கலந்த பிளாஸ்டிக்கை மற்றதோடு சேர்த்து மறுசுழற்சி செய்வது கடினம்.

ஆகவே என் கருத்து இது: பல ஆண்டுகள் உழைக்கும் பலகை, டயர் போன்றவற்றில் உமிச்சாம்பல் சேரட்டும். டயரில் உமிச்சாம்பல் சிலிக்காவைப் பயன்படுத்தப்போவதாக குட்இயர் நிறுவனம் 2014-இல் அறிவித்தது. ஒருமுறை குடித்துவிட்டு எறியும் கோப்பைக்கு மட்டும் அது வேண்டாம். அந்தக் கோப்பை வாய்க்கால் வழியே வந்து, எங்கள் தேங்காய்த்திட்டு அலையாத்தி மரங்களின் வேர்களில் சிக்கினால் என்ன ஆகும்? சாம்பல் மண்ணோடு சேர்ந்துவிடும். பிளாஸ்டிக்கோ, துண்டு துண்டாகி அங்கேயே கிடக்கும்.