வந்த உதவி குழாயில் பொருந்த வேண்டும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, அவற்றோடு குடிநீரும் நின்றது. நிலத்தடியில் நீர் இருந்தது. அதை மேலேற்றும் மோட்டாருக்குத்தான் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிகள் வற்றியபின் நம் மாவட்டத்து ஊராட்சிகள் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தன. கம்மாபுரம் வட்டாரத்தில் வாழும் நாம் அந்நாள்களை மறந்திருக்க மாட்டோம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) பணிக்கிறது. எழுதி வைத்தால் ஐயமும் மனக்கசப்பும் பின்னாளில் எழாது. குடிநீர் வழங்கும் வாரியங்களும் நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஆபத்துக் காலத்தில் ஒன்றுக்கொன்று செய்யும் உதவிக்கும் இந்த ஒழுங்கு தேவை என்றே நாம் கருதுகிறோம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1992ஆம் ஆண்டிலேயே நீர் நிறுவனங்கள் இத்தகைய உடன்பாட்டைச் செய்துகொண்டன. யார் எதை அனுப்புவது, செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே கையெழுத்தாகிவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஓக்லாந்து குன்றுகளில் பெருந்தீ மூண்டபோது அண்டை ஊர்களின் தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால் அவற்றின் குழாய்களுக்கும் ஓக்லாந்தின் தீயணைப்புக் குழாய்வாய்களுக்கும் அளவு வேறு. உதவ வந்தவர்கள் நீரின் அருகிலேயே தடுமாறி நின்றனர்.

நம் மாவட்டத்து வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. 2019 கோடையில் அந்நகரின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டருடன் முதல் ரயில் புறப்பட ஜூலை 12 ஆகிவிட்டது. தாகித்தவருக்கு மிகுதி நீரை மறுப்பதை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஆகவே கொடுப்பதில் நமக்குக் குறையில்லை. நாம் கேட்பது வேறு. கடலூரில் புயல் அடித்த மறுநாள் சென்னையிலிருந்து எத்தனை ஜெனரேட்டர்கள், எத்தனை லாரிகள், எத்தனை மோட்டார் மெக்கானிக்குகள் வருவார்கள்? மக்கள் படிக்கும்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரின் ஆணைக்குப் பின்னரே அசைவது என்றால் முதல் இரண்டு நாள்கள் கைநழுவும். குழந்தைகளும் நோயாளிகளும் வாடுவது அந்த இரண்டு நாள்களில்தான்.

பெரிய வாரியங்களுக்காக நாம் காத்திருக்க வேண்டியதுமில்லை. பக்கத்து ஊராட்சிகள் இரண்டு தமக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். பல ஊர்களில் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது தொட்டி இயக்குபவர் ஒருவருக்கே தெரியும். அவர் நோயுற்றால் ஊரே தவிக்கும். (அவருக்குத் தரப்படும் ஊதியத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) அடுத்த ஊரின் இயக்குபவரை அழைத்து அந்த வால்வுகளை ஒருமுறை காட்டி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

ஒளூச் செய்வதற்கென ஆழ்குழாய்க் கிணறும் ஜெனரேட்டரும் வைத்துள்ள பள்ளிவாசல்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஜமாஅத் நிர்வாகிகள் ஊராட்சித் தலைவரைச் சந்தித்து, அந்த ஜெனரேட்டர் எத்தனை குதிரைத்திறன் மோட்டாரை இழுக்கும், டீசலுக்கு யார் பொறுப்பு, அனைத்துச் சமூகத்தாரும் எந்நேரத்தில் வந்து நீர் பிடிக்கலாம் என்பதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். அன்றே ஜெனரேட்டரை ஊராட்சி மோட்டாரில் இணைத்து ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிடலாம்.