வெப் ஸர்வரும் நமது வாலிபர்களும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சுற்றியும் தலைச்சோலைப் பக்கத்திலும் உள்ள காப்பித் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி நினைவிலிருக்கும். காப்பி, 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை கொணர்ந்து வைத்த பயிர். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அம்மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி மாத்திரம் நமது நாட்டுச் சரக்கு. அந்நிய மரமென்று எவரும் அதை வெட்டவில்லை. வெறும் நிழலோடு திருப்தியடைந்து விடவுமில்லை. அடியில் தம் கொடியை நட்டுப் பலனைத் தாமே எடுத்துக்கொள்கின்றனர். இணைய உலகில் இதைச் செய்ய நாம் தவறினோம். மறுபடியும் தவறாதிருக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்தனுப்பும் நிரலுக்கு வெப் ஸர்வர் என்று பெயர். 1995-இல் தோன்றிய அப்பாச்சியும், இகோர் ஸிஸோயெவ் என்ற ருஷியர் 2004-இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸும் இவற்றில் மிகப் பிரசித்தமானவை. இரண்டின் மூலநிரலும் பகிரங்கம். யாரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றி வழங்கலாம். திருத்த விரும்புவோர் மரத்தையே அறுக்க வேண்டியதில்லை. மாட்யூல் என்னும் தனித் துண்டை ஸி பாஷையில் எழுதி, எந்தக் கட்டத்தில் தன்னை அழைக்க வேண்டுமென்று அதை ஸர்வரிடம் பதிவு செய்யச் செய்தால் போதும். அப்பாச்சியில், 'ஏபிஎக்ஸ்எஸ்' என்ற கருவி அத்துண்டைக் கம்பைல் செய்து உரிய இடத்தில் வைத்துவிடும். என்ஜின்-எக்ஸில் 2016 வரை முழு ஸர்வரையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. இப்போது அங்கும் துண்டைத் தனியே ஏற்றலாம். ஆயினும் இது விளையாட்டு வேலையன்று. மாட்யூல் ஸர்வரின் வயிற்றுக்குள்ளேயே ஓடுவது. ஒரு பிழை நேர்ந்தால் ஸர்வரும் சேர்ந்து விழும். என்ஜின்-எக்ஸில் ஒரு மாட்யூல் எதற்காவது காத்து நின்றுவிட்டால், அந்த வேலையாளிடம் வந்த அத்தனை பேரும் காத்து நிற்பர்.

ருஷியர்களுக்கு ஒரு காலத்தில் பெருந்தொல்லை இருந்தது. அவர்களுடைய எழுத்துக்குக் கணினியில் பல குறிமுறைகள். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும். அவர்கள் என்ன செய்தார்கள்? அப்பாச்சிக்குள்ளேயே மாற்றுவேலையைப் புகுத்தினார்கள். வாசகனின் கணினிக்கு ஏற்ற குறிமுறையில், அனுப்பும்போதே ஸர்வர் மாற்றி அனுப்பியது. ஸிஸோயெவும் முதலில் அப்பாச்சிக்கு மாட்யூல் எழுதிப் பழகியவரே. அவர் பின்னர் படைத்த ஸர்வரில் ருஷியக் குறிமுறைகளை மாற்றும் உறுப்பு இன்றும் இருக்கிறது.

நமக்கும் அதே நோய்தான். டிஸ்கி, டாம், டாப், இவை போதாதென்று பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு! 1999-இல் சென்னையில் மாநாடு கூடித் தரங்கள் வகுத்தும் குழப்பம் தீரவில்லை. நம்மவர் கண்ட வழி, "எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று வாசகனுக்கு உத்தரவிடுவதாகவே பெரும்பாலும் இருந்தது. மாற்றும் கருவிகளை அன்பர் சிலர் உழைத்து ஆக்கித் தந்தனர்; அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். என்றாலும் பாரம் வாசகன் தலையிலேயே கிடந்தது. கடைசியில் யூனிகோட் வந்தல்லவோ நம்மை மீட்டது!

இப்போது இரண்டாவது சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. யூனிகோடை இணையத்தில் அனுப்பும் வழக்கமான முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். நமது 'க' மூன்று பைட். 'கொ' ஆறு பைட். சுருக்கி அனுப்பினால் இந்தப் பாரம் பெரும்பாலும் இறங்கிவிடும் என்பது மெய்யே. ப்ராட்லி என்ற சுருக்குமுறை இவ்வேலைக்குப் பேர்போனது. அதற்குள் சுமார் 13,500 சொற்களும் அசைகளும் கொண்ட ஒரு பொது அகராதி இருக்கிறது. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், ஹிந்தி, ருஷியன், அரபி ஆகிய பாஷைகளுக்கு அதில் இடமுண்டு. தமிழுக்கு இல்லை. இதில் வஞ்சம் ஏதும் இருப்பதாக நாம் சொல்லவில்லை. நாம் போய்ச் சேர்க்கவில்லை, அவ்வளவே.

அந்த அகராதியை இனி மாற்ற முடியாது. ஆனால் ஒரு தளம் தன் சொந்த அகராதியையே வாசகனுக்குக் கொடுத்து, அதைக் கொண்டு சுருக்கி அனுப்பும் வழி பிறந்திருக்கிறது; குரோம் உலாவி 2024 முதல் அதை ஏற்கிறது. உலாவியின் பங்கு தயார். ஸர்வர் பக்கத்துக்கு மாட்யூல் வேண்டும். தமிழ்ச் சொற்களைப் பொறுக்கிச் செய்த அகராதியும் வேண்டும். இதை எந்த அந்நியக் கம்பெனியும் நமக்காகச் செய்யப் போவதில்லை.

"மேகத்தில் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?" என்பாரும் உண்டு. ஸ்ரீ வ.உ.சிதம்பரம் பிள்ளையும் 1906-இல் வாடகைக் கப்பலைக் கொண்டே ஆரம்பித்தார். வெள்ளைக் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் அது திரும்பப் பெறப்பட்ட பிறகு, சொந்தக் கப்பல் தேடி அவர் பம்பாய்க்குப் போக நேர்ந்ததை இவர்கள் மறந்தார்கள் போலும்.

இந்திய ஸர்க்கார் 2015-இலேயே திறந்த மூலநிரலை மேற்கொள்வதென்று கொள்கை வகுத்தது. மேற்கொள்வது வேறு, அதில் ஒரு வரியாவது எழுதுவது வேறு. சேலத்தைச் சுற்றி எஞ்ஜினீரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இறுதியாண்டு மாணவர்கள், யாரோ செய்த பழைய 'ப்ராஜெக்ட்'டை விலைக்கு வாங்கிக் கட்டிக் கொடுக்கும் மானக்கேட்டை விட்டு, நால்வர் ஐவராகச் சேர்ந்து இந்த மாட்யூலை எழுதட்டும். அகராதிக்குச் சொற்கள் வேண்டுமானால், 1998 முதல் உழைத்துவரும் மதுரைத் திட்டத்தின் நூல்களும் அன்றாடப் பத்திரிகைகளும் எதிரே கிடக்கின்றன. எழுதியதைத் தலைச்சோலைக்குக் கொண்டுபோய், அலை மெலிந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். எத்தனை பைட் மிச்சமாயிற்று என்று அளந்து, மூலநிரலோடு வெளியிடட்டும். மிச்சமாகவில்லையென்றால் அதையும் வெளியிடட்டும்.