நோயே வராத தாத்தாவை யார் ஆராய்வது?

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி ஏற்காடு ரோட்டில் காலையில் வேகநடை போடுபவர்களில் பலர் டாக்டர் சொல்லி நடப்பவர்கள். ஒருத்தருக்கு சர்க்கரை, இன்னொருத்தருக்கு பிரஷர். இவர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் ஃபைல் உண்டு. எண்பதைத் தாண்டியும் ஒரு மாத்திரைகூட போடாத தாத்தாவுக்கு? நோய் வந்தால்தானே ஃபைல்!

அமெரிக்காவில் எரிக் டோபோல் என்ற இதய மருத்துவர் 2007ல் இதைத் தலைகீழாக யோசித்தார். 80 வயதுக்கு மேல், நாள்பட்ட நோய் எதுவும் இல்லாத 1400 பேருக்கு மேல் சேர்த்து, அவர்களில் சுமார் 600 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். 2016ல் முடிவு வந்தது. ஆயுளைக் கூட்டும் மந்திர ஜீன் எதுவும் சிக்கவில்லை. அல்சைமர், மாரடைப்பு இரண்டுக்குமான மரபணு ஆபத்து அவர்களுக்குக் குறைவு, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், புற்றுநோய்க்கும் சர்க்கரைக்குமான ஆபத்து மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆபத்து இருந்தும் நோய் ஏன் வரவில்லை? ஆராய வேண்டியது அங்கேதான்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தது ஐரோப்பிய வம்சாவளியினரை. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நம்மூர் மரபணுவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது? இந்தியாவிலும் வேலை நடக்காமல் இல்லை. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுவைப் படித்து 2025 ஜனவரியில் தரவை வெளியிட்டது. பெங்களூர் ஐஐஎஸ்சி ஆரோக்கியமான முதுமையின் அடையாளங்களைத் தேடத் தொடங்கியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சேலம், நாமக்கல் கிராமங்களில் களை வெட்டிக்கொண்டிருக்கும் பாட்டிகள் பெங்களூருக்கு வரமாட்டார்கள், பெங்களூர்தான் இங்கே வர வேண்டும்.

நேரமும் இல்லை. தொண்ணூறுகளிலும் யோகா சொல்லிக்கொடுத்த கோவை நானம்மாள் 2019ல் போய்விட்டார். நூறைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கிய தேக்கம்பட்டி பாப்பம்மாள் 2024ல். இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தோம், சரி. தடுப்பூசி சரியாக எட்டாத, ராகியும் கம்பும் தின்று வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பிள்ளைப் பருவம் இனி யாருக்கும் வாய்க்காது.

ஒரு சிக்கல் உண்டு. பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது, கார்டில் இருப்பது குத்துமதிப்பு. அதனால் சுதந்திரம் வந்தபோது என்ன வயசு என்று உட்கார்ந்து விசாரிக்கத்தான் வேண்டும். கையோடு, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எந்த வயதில் எதனால் போனார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிழைத்தவரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதியைச் சொல்ல அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் மிச்சம்.