இலை உதிரும் முன்னே இறங்கும் பனி

2018 நவம்பர் 3, சனிக்கிழமை. தெற்குக் காஷ்மீரின் ஷோப்பியான், குல்காம், புல்வாமா மாவட்டங்களில் ஆப்பிள் அறுவடை இன்னும் முடிந்திருக்கவில்லை. மரங்களில் இலை அடர்ந்திருந்தது; பல தோட்டங்களில் பழமும் தொங்கியது. அன்று கொட்டிய பனியில் ஆயிரக்கணக்கான மரங்களின் கிளைகள் முறிந்தன. அடிமரமே இரண்டாகப் பிளந்த மரங்களும் உண்டு. மறு ஆண்டு நவம்பர் 7 அன்று அதே கதை. பிறகு 2021இல் அக்டோபர் 23ஆம் தேதியே பனி வந்துவிட்டது. நான்கு இலையுதிர் காலங்களில் மூன்று முறை இப்படி நடந்த பிறகும், இதை எதிர்பாராத விபத்தாகவே அரசுகள் நடத்துகின்றன.

பனி பெய்யும் ஊர்களில் எல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. மண்ணில் இன்னும் சூடு இருக்கிறது, விழுகிற பனி தரை தொட்டதும் கரைந்துவிடும் என்பார்கள். ஸ்ரீநகரில் அக்டோபர் மாதப் பகல் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்படிப்பட்ட மண்ணில் பனி எப்படி நிற்கும் என்ற கேள்வி நியாயமானதுதான். விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி பெய்தால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சுமார் இரண்டரை கிலோ பனி சேரும். அதை விழ விழ உருக்க அந்த நிலம் ஏறக்குறைய 230 வாட் வெப்பத்தை விடாமல் தர வேண்டும். மூன்று பழைய மின்விசிறிகள் இழுக்கும் மின்சாரத்துக்குச் சமம் அது. பத்து டிகிரி சூட்டில் இருக்கும் வெறும் மண் முதல் ஒரு மணி நேரம் இதற்கு ஈடுகொடுக்கலாம். ஆனால் மேல்மண் குளிர்ந்ததும், அடிமண்ணின் சூடு மெதுவாகத்தான் மேலேறும். நான்கு மணி நேரத்தில் மண் தரும் வெப்பம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பெய்யும் வேகம் உருகும் வேகத்தை முந்திய நொடியில் முதல் வெள்ளைப் படலம் நிலைக்கிறது. அதன்பின் வரும் பனி மண்ணின் மீது விழுவதில்லை, பனியின் மீதே விழுகிறது.

காற்றும் இதற்குத் துணைபோகிறது. விழும்போதே உருகும் பனித்துகள் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பனி எவ்வளவு கனமாகப் பெய்கிறதோ அவ்வளவு விரைவாகக் காற்று பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். காலையில் மழையாகத் தொடங்கியது பிற்பகலில் பனியாக மாறுவது இப்படித்தான். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தேயிலையைக் கருக்கும் உறைபனி வேறு வகை. அது மேகமற்ற வானத்தின் கீழ், அசைவற்ற காற்றில், குளிர்ந்த பரப்பிலேயே உருவாகிறது. காஷ்மீரில் நடப்பது மேற்கேயிருந்து வரும் மேகக் கூட்டம் வெதுவெதுப்பான நிலத்தின் மீது கொட்டித் தீர்ப்பது. வானிலைத் துறையினர் அதை ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்கிறார்கள். அதன் வருகையைச் சில நாட்கள் முன்பே கணித்துவிடவும் முடிகிறது.

பனி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஒட்டுவதில்லை. புல்வெளி முதலில் வெளுக்கும். புல்லிடையே அடைபட்ட காற்று மண்ணின் சூட்டை மேலே வரவிடாது. தார்ச்சாலை கடைசியில்தான் வெளுக்கும். சாலைகளிலும் பாலங்கள் முந்திக்கொள்ளும், அவற்றுக்கு மேலும் கீழும் குளிர்காற்று என்பதால். மரத்திலிருக்கும் இலைக்கோ மண்ணின் சூடு அறவே எட்டாது. எனவே தரையில் பனி நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பது தவறான இடத்தைப் பார்ப்பதாகும். சாலை ஈரமாகக் கறுத்துக் கிடக்கும்போதே தோட்டத்தில் கிளைகள் முறியத் தொடங்கியிருக்கும்.

பருவம் தப்பிய பனி பெரும்பாலும் ஈரப்பனி. நடுக்குளிரில் விழும் உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடை இருக்கும். ஈரப்பனி 200 கிலோவையும் தாண்டலாம். துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் பசைபோல் வேலை செய்து அதை இலையிலும் கம்பியிலும் ஒட்ட வைக்கிறது. இலையற்ற மரத்தில் பனி இடைவெளி வழியே கீழே விழுந்துவிடும். இலை தழைத்த மரம் முழுச் சுமையையும் தாங்குகிறது. பழமும் இருந்தால் சுமை இரட்டிப்பு.

இதே பாடத்தை அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் 2011 அக்டோபர் 29 அன்று கற்றன. மசாசூசெட்ஸின் பெரு என்ற சிற்றூரில் 81 சென்டிமீட்டர் பனி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான்; ஆனாலும் 1869இல் அங்கே பதிவு தொடங்கியதிலிருந்து அக்டோபரில் அத்தனை பனி விழுந்ததே இல்லை. இலையோடு நின்ற மரங்கள் மின்கம்பிகள் மீது சாய்ந்தன. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. கனெக்டிகட் மாநிலத்தில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேல். சில ஊர்களில் ஒரு வாரத்துக்குப் பிறகும் விளக்கு எரியவில்லை. அங்குள்ள முக்கிய மின்நிறுவனத்தின் தலைவர் அடுத்த மாதமே பதவி விலகினார். இரண்டு மாதம் முன்பு வந்த ஐரீன் புயலையும் இந்தப் பனியையும் ஆளுநர் டன்னல் மல்லாய் அமைத்த குழு ஒன்று சேர்த்து ஆராய்ந்தது. அது 2012 ஜனவரியிலேயே அறிக்கை தந்தது. கம்பியோரக் கிளைகளைக் கழிப்பது அதில் முக்கியப் பரிந்துரை.

தெற்கு டகோட்டாவில் 2013 அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. மாடுகள் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன. குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை. மழை முதலில் அவற்றை நனைத்தது. பிறகு சூறைக்காற்றோடு பனி வந்தது. ரேப்பிட் சிட்டியில் 58 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. கால்நடை இழப்பீட்டுத் திட்டம் ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. வாஷிங்டனில் அரசு அலுவலகங்களும் நிதி ஒதுக்கீடின்றி மூடிக் கிடந்தன. 2014 பிப்ரவரியில் வந்த வேளாண் சட்டம்தான் முன்தேதியிட்டு இழப்பீடு கொடுத்தது.

மூன்று இடங்களிலும் அடிப்படைத் தவறு ஒன்றே. அரசும் நிறுவனங்களும் நாட்காட்டியைப் பார்த்துத் தயாராகின்றன. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் சில்லை கலான் என்னும் கடுங்குளிர் காலம். அப்போது விழும் பனியை மக்கள் வேண்டி வரவேற்கிறார்கள், கோடையில் ஊற்றும் ஓடையும் ஓட அதுவே ஆதாரம் என்பதால். அதே பனி ஏழு வாரம் முன்னால் வந்தால் தோட்டக்காரரின் குடும்பத்தை வீழ்த்திவிடுகிறது. பனியின் அளவு மாறவில்லை. மரத்தின் நிலைதான் மாறியிருக்கிறது.

இந்த நிகழ்வுகளை மட்டும் வைத்துப் பருவநிலை மாற்றத்தின் மீது பழி போட்டுவிட முடியாது. ஆனால் இலையுதிர் காலம் வெப்பமாக ஆக, இலை உதிர்வது தள்ளிப்போவது பல குளிர்நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இலை எத்தனை நாள் கூடுதலாக நிற்கிறதோ அத்தனை நாள் ஆபத்தும் நீள்கிறது.

நாட்டின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜம்மு காஷ்மீருடையது. அங்கே பரவலாக உள்ள பழைய வகை ஆப்பிள் மரம் முழு மகசூலுக்கு வரப் பத்து ஆண்டுகளாவது ஆகும். பிளந்த மரத்தோடு போவது அந்தப் பத்து ஆண்டு உழைப்பு. அதற்கு நிவாரண விதி என்ன சொல்கிறது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று 2015இல் வகுத்தார்கள். 2022இல் அதை 22,500 ஆக்கினார்கள். சேதம் 33 சதவீதத்தை எட்டினால்தான் அதுவும் கிடைக்கும். இரண்டு ஹெக்டேர் வரைதான் கணக்கு. ஒரு பருவத்துப் பயிரை இழந்தவரையும் பத்து ஆண்டு மரத்தை இழந்தவரையும் இந்த அளவுகோல் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிறுத்துகிறது.

மரம் மரமாக எண்ண முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்களானால், தமிழ்நாட்டைக் காட்டலாம். காஷ்மீரில் பனி விழுந்த அதே 2018 நவம்பரில், 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தமிழக அரசு விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்தால் 1,92,500 ரூபாய். இழப்போடு ஒப்பிட்டால் அந்தத் தொகையும் போதவில்லை என்று தென்னை விவசாயிகள் சொன்னது சரிதான். ஆனால் கணக்கிட்ட முறை சரியானது.

காஷ்மீருக்கும் இமாச்சலுக்கும் இதே முறை வேண்டும். அத்துடன், அக்டோபர், நவம்பர் மாதப் பனிப்பொழிவை வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் தனி அபாயமாகச் சேர்க்க வேண்டும். ஆப்பிளுக்கு முறையான காப்பீடு என்பது தோட்டக்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. எச்சரிக்கை தோட்டம் வரை போய்ச் சேர வேண்டும். 2019இல் கைப்பேசி இணையம் முடக்கப்பட்டிருந்த நேரத்தில்தான் பனி வந்தது. இரண்டு நாள் முன்பு தகவல் கிடைத்தால் பழத்தைப் பறித்துவிடலாம், கிளைக்கு முட்டுக் கொடுக்கலாம், பனி விழ விழ உலுக்கிவிடலாம். பிளந்த மரத்தையும் உடனே போல்ட் போட்டு இறுக்கி, போர்டோ என்னும் பூஞ்சைக்கொல்லிப் பசை பூசினால் பல நேரம் காப்பாற்றிவிட முடியும். ஒன்றிய உள்துறை அமைச்சகம் அடுத்த அறுவடைக்கு முன்பே நிவாரண விதியைத் திருத்தி, ஆப்பிளுக்கும் மரக் கணக்கில் இழப்பீடு அறிவிக்க வேண்டும்.